அமெரிக்க பிரசிடென்ட் நெனச்சா எதையும் செஞ்சிட முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

2025 அக்டோபர் 26ஆம் தேதி டிரம்ப் ஆசியான் மாநாட்டுக்கு கோலாலம்பூர் வந்துட்டு போனதுல இருந்து, சுங்கை சிப்பூட்டுலயும் சுத்துவட்டார தோட்டங்கள்லயும் இருந்து வர்ற கேள்வியெல்லாம் அந்த ஒரு நாற்காலிய பத்தியே இருக்கு. அதனால இந்த வாரம் சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), இபிஎஃப் (சேமநிதி) கேள்விங்கள ஒதுக்கி வச்சிட்டு மொத்தமும் இதுக்கே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணே, நான் கமுந்திங் பக்கம் ஒரு கையுறை ஃபேக்டரியில வேலை செய்றேன். 2025ல நம்ம சரக்குக்கு அமெரிக்கா வரி 24 விழுக்காடுன்னாங்க, அப்புறம் 25ன்னாங்க, அப்புறம் 19ன்னாங்க. ஒவ்வொரு தடவையும் எங்க ஓட்டி (கூடுதல் நேர வேலை) தான் மொதல்ல அடிபடுது. ஒரே ஆளு கையெழுத்து போட்டா உலகம் பூரா வரி ஏறிடுமா? அவங்களுக்கும் நாடாளுமன்றம் இருக்குல்ல, யாரும் கேக்க மாட்டாங்களா?
– ஒரு வாசகர், கமுந்திங்

பதில்: தம்பி, நீங்க கேட்டத தான் அமெரிக்காவுல வக்கீலுங்க 2025 பூரா கோர்ட்டுல வாதாடுனாங்க. அவங்க அரசியல் சாசனப்படி வரி போடற அதிகாரம், இறக்குமதி வரியும் சேத்து, காங்கிரஸுக்கு தான். பிரதிநிதிகள் சபை, செனட் ரெண்டும் சேந்தது தான் காங்கிரஸ். பிரசிடென்ட்டோட அதிகாரத்த சொல்ற பகுதிய முழுசா படிச்சு பாத்தாலும் வரி போடலாம்னு ஒரு வரி கூட கிடையாது.

அப்ப எப்படி போட்டாருன்னா, காங்கிரஸே தூக்கி குடுத்தது தான். 1962ல ஒரு சட்டம், நாட்டு பாதுகாப்புக்கு ஆபத்துன்னா குறிப்பிட்ட சாமானுக்கு வரி ஏத்தலாம்னு, 1974ல இன்னொண்ணு, வேற நாடு வியாபாரத்துல அநியாயம் பண்ணா பதிலுக்கு வரி போடலாம்னு, 1977ல மூணாவதா ஒண்ணு, வெளிநாட்டால அவசரநிலை வந்தா அந்த நாட்டு சொத்த முடக்கலாம், இறக்குமதிய கட்டுப்படுத்தலாம்னு. 2025 ஏப்ரல் 2ஆம் தேதி நமக்கு 24 விழுக்காடுன்னு அறிவிச்சாரே, அது இந்த மூணாவது சட்டத்த கையில வச்சிக்கிட்டு. 2025க்கு முன்னாடி எந்த பிரசிடென்ட்டும் அந்த சட்டத்த வச்சு வரி போட்டதில்ல. வர்த்தக கோர்ட் மே மாசம் செல்லாதுன்னுச்சு, அப்பீல் கோர்ட் ஆகஸ்ட்ல 7க்கு 4ன்னு அதையே சொல்லுச்சு, நவம்பர் 5ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் வாதம் கேட்டுச்சு, 2026 பிப்ரவரியில அதுவும் செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

காங்கிரஸ் ஏன் திருப்பி வாங்கலன்னு கேட்டீங்கன்னா, அங்க தான் எனக்கு வயிறு எரியுது. ஒரு அதிகாரத்த குடுக்கறதுக்கு ரெண்டு சபையிலயும் பாதிக்கு மேல ஓட்டு இருந்து, பிரசிடென்ட்டும் கையெழுத்து போட்டா போதும், அவருக்கு அதிகாரம் வருதுன்னா அவரு ஏன் போட மாட்டாரு. திருப்பி வாங்கணும்னா அதுக்கும் ஒரு சட்டம் வேணும், அத அவரு வீட்டோ போட்டு தடுத்துடுவாரு, வீட்டோவ ஒடைக்க ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். குடுக்கறது சுலபம், வாங்கறது மலையேற்றம்.

உங்க வேலைய பத்தியும் சொல்லிடறேன். கேஸ்ல அவரு தோத்ததால வரி அப்படியே காணாம போயிடும்னு நெனச்சிடாதீங்க, 1962 சட்டமும் 1974 சட்டமும் அப்படியே தான் இருக்கு, 1974 சட்டத்துல 15 விழுக்காடு வரைக்கும் 150 நாளைக்கு போடறதுக்கு தனியா ஒரு பிரிவும் இருக்கு. நல்ல பக்கமும் ஒண்ணு உண்டு, சீனாவோட மருத்துவ கையுறைக்கு 2025ல 50 விழுக்காடு, 2026ல 100 விழுக்காடுன்னு பைடன் காலத்துலயே முடிவாயிடுச்சு, நம்ம சரக்குக்கு அங்க இடம் கெடைக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஓட்டி விஷயத்த மட்டும் யூனியன்ல எழுத்துல குடுங்க, வாய்ல சொல்லிட்டு விட்டுடாதீங்க.

கேள்வி: ஐயா, நான் தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா (கிளார்க்கா) இருந்து ரிட்டையர் ஆனவன். அமெரிக்க அதிபர பாத்தா எங்க காலத்து பெரிய துரை ஞாபகம் தான் வருது, சொன்னா சொன்னது தான். நம்ம பிரதமர விட அவருக்கு அதிகாரம் ஜாஸ்தி தானே?
– ஒரு வாசகர், சுங்கை சிப்பூட்

பதில்: துரைய வச்சு சொன்னது நல்லா பொருந்துது ஐயா, ஆனா அந்த துரைய முழுசா பாக்கணும். ஆள வேலைய விட்டு தூக்கலாம், லயத்த காலி பண்ண சொல்லலாம், ஆனா மறுநடவுக்கு பணம் வேணும்னா லண்டன்ல இருக்கற டைரக்டருங்களுக்கு எழுதி போட்டுட்டு பதில் வர்ற வரைக்கும் காத்துக் கெடந்தாரு, அந்த கடிதத்த டைப் அடிச்சதே உங்கள மாதிரி கிராணி தானே. அமெரிக்க பிரசிடென்ட்டும் காசு விஷயத்துல அப்படித்தான். காங்கிரஸ் ஒதுக்காம கஜானாவுல இருந்து ஒரு டாலர் எடுக்க முடியாது. 2025 அக்டோபர் 1ஆம் தேதி பட்ஜெட் பாஸ் ஆகாம அரசாங்கமே மூடிக்கெடந்துச்சே, நவம்பர் 12 வரைக்கும் 43 நாளு, அது வரைக்கும் அவங்க சரித்திரத்துலயே அது தான் ரொம்ப நீளம். விமானத்துக்கு வழி சொல்ற கண்ட்ரோலர்ங்க சம்பளம் இல்லாம வேலை பாத்தாங்க. அவ்வளவு பெரிய அதிபரால அத தனியா தீத்து வைக்க முடியல. ஒதுக்கன பணத்த செலவு பண்ணாம பிடிச்சு வைக்கவும் கூடாது, நிக்சன் அப்படி பிடிச்சு வச்சதால 1974ல அதுக்குன்னே சட்டம் போட்டாங்க.

நம்ம பிரதமருக்கு மக்களவையில பெரும்பான்மை இருக்கறதால தான் அவரு பிரதமரே, அதனால அவரு கொண்டு வர்ற மசோதா பொதுவா பாஸ் ஆயிடும். அமெரிக்க அதிபரு காங்கிரஸ்ல உறுப்பினரே கிடையாது, நேரா மசோதா தாக்கல் பண்ண முடியாது, சபைய கலைக்க முடியாது, அமைச்சர், ஜட்ஜு, தூதர்னு யார போட்டாலும் செனட் ஒத்துக்கணும். ஆக வீட்டுக்குள்ள பாத்தா பலமான பெரும்பான்மை உள்ள பிரதமருக்கு தான் கை ஓங்கியிருக்கும். ஆனா நம்ம பிரதமர் நாற்காலி ஆடும், 2020 பிப்ரவரியில இருந்து 2022 நவம்பருக்குள்ள மகாதீர், முகிதின், இஸ்மாயில் சப்ரி, அன்வார்னு நாலு பேர பாத்துட்டோம், அமெரிக்காவுல ஆதரவு போச்சுன்னு நாலு வருஷத்துக்குள்ள ஆள எறக்கறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். வெளிநாட்டு விவகாரம், ராணுவம், மன்னிப்பு இந்த மூணுலயும் அதிபரு கை ரொம்ப நீளம், அத பின்னாடி வர்ற கேள்வியில சொல்றேன்.

இன்னொண்ணு நம்ம ஆளுங்களுக்கு நல்லா புரியும். தோட்டம் கைமாறி வீட்டு நிலம் கேட்டு அலைஞ்சவங்களுக்கு தெரியும், நிலம் மாநில அரசு கையில, பிரதமரே வாக்கு குடுத்தாலும் ஈப்போவுல மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) ஆபீஸுக்கு போய் தான் நிக்கணும். அங்கயும் பள்ளிக்கூடம், போலீஸ், தேர்தல் நடத்தறதுன்னு பெரும்பாலும் 50 மாநிலங்க கையில தான், கவர்னர அதிபர் நியமிக்கறதும் இல்ல, தூக்கறதும் இல்ல.

கேள்வி: மூணாவது தடவை நிக்க முடியுமா?
– ஒரு வாசகி, குவாலா கங்சார்

பதில்: முடியாதும்மா. ரூஸ்வெல்ட் நாலு தடவை ஜெயிச்சு 1945ல பதவியில இருக்கும்போதே இறந்துட்டாரு, அதுக்கப்புறம் பயந்துபோய் 1951ல 22ஆவது திருத்தம் கொண்டு வந்தாங்க, யாரும் ரெண்டு தடவைக்கு மேல அதிபரா தேர்ந்தெடுக்கப்படக்கூடாதுன்னு. அத மாத்தணும்னா ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு, அப்புறம் 38 மாநிலம் ஒத்துக்கணும். இன்னைக்கு இருக்கற நெலமையில 38 மாநிலம் எதுலயும் ஒத்துப்போகாது.

கேள்வி: அண்ணே, எமர்ஜென்சின்னு யாராச்சும் சொன்னாலே எங்க பாட்டி பேச்ச நிறுத்திடுவாங்க. டிவியில டிரம்ப் எமர்ஜென்சி அறிவிச்சாரு, இன்னொண்ணு அறிவிச்சாருன்னு சாதாரணமா சொல்றாங்களே, அது நம்ம ஊர்ல நடந்த மாதிரி தானா?
– ஒரு வாசகி, லிந்தாங்

பதில்: உங்க பாட்டி பேச்ச நிறுத்தறதுக்கு காரணம் இருக்கும்மா. 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில எல்ஃபில் தோட்டத்து துரையும் பக்கத்து தோட்டத்துல ரெண்டு துரைங்களும் சுட்டுக் கொல்லப்பட்டது நம்ம சுங்கை சிப்பூட்டுல தான், அத வச்சு தான் மலாயா பூரா அவசரகாலம் போட்டாங்க, 1960 ஜூலை 31 வரைக்கும் 12 வருஷம் ஓடுச்சு. விசாரணை இல்லாம உள்ள தூக்கி போட்டாங்க, லயத்த சுத்தி முள்ளுவேலி போட்டாங்க, காட்டுல இருக்கறவங்களுக்கு அரிசி போகக்கூடாதுன்னு பால் வெட்ட போறவங்கள கேட்டுல நிக்க வச்சு தூக்குச்சட்டிய தொறந்து பாத்தாங்க. தொழிற்சங்க தலைவர் கணபதிய துப்பாக்கி வச்சிருந்தார்னு 1949 மே மாசம் புடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க. இதெல்லாம் பாத்த தலைமுறை அந்த வார்த்தைய சாதாரணமா எடுத்துக்காது.

அமெரிக்காவுல எமர்ஜென்சி அறிவிச்ச உடனே ஊரடங்கு வர்றதில்ல, அது ஒரு சாவி மாதிரி தான். நூத்துக்கு மேல சட்டப் பிரிவுங்க 'அவசரநிலை இருந்தா மட்டும்'னு பூட்டி வச்சிருக்காங்க, அதிபர் கையெழுத்து போட்டா அதுல எது வேணுமோ அத தொறந்துக்கலாம். கட்டுப்படுத்தறதுக்குன்னு தான் 1976ல ஒரு சட்டம் போட்டாங்க, வருஷா வருஷம் புதுப்பிக்கணும், இல்லன்னா தானா செத்துடும்னு. என்ன ஆச்சு தெரியுமா, 1979 நவம்பர்ல ஈரான்ல தூதரகத்து ஆளுங்கள பிணை பிடிச்சப்ப கார்ட்டர் ஒரு அவசரநிலை அறிவிச்சாரு, பிணைக்கைதிங்க 1981லயே வீட்டுக்கு வந்துட்டாங்க, ஆனா அந்த அவசரநிலை இன்னும் சாகல, எந்த கட்சி ஆளு உக்காந்தாலும் ஒவ்வொரு நவம்பரும் ஒரு அறிவிப்பு, ஒரு கையெழுத்து, இன்னும் ஒரு வருஷம். இப்படி உயிரோட இருக்கறது மட்டும் நாப்பதுக்கு மேல.

அந்த 1976 சட்டத்துல காங்கிரஸ் தன்னந்தனியா, அதிபர கேக்காமலே, சாதாரண பெரும்பான்மையில அவசரநிலைய முடிச்சிடலாம்னு ஒரு கதவு வச்சிருந்தாங்க. அது மூடுன கதை பலருக்கு தெரியாது. கென்யாவுல பொறந்த இந்திய வம்சாவளி மாணவர் சாதான்னு ஒருத்தரு, விசா முடிஞ்சும் அமெரிக்காவுலயே தங்கிட்டாரு, குடிநுழைவு அதிகாரிங்க இரக்கப்பட்டு இருக்க விட்டாங்க, பிரதிநிதிகள் சபை மட்டும் தனியா ஓட்டு போட்டு அவர வெளியேத்த பாத்துச்சு. 1983ல சுப்ரீம் கோர்ட், அதிபர் மேசைக்கு போகாம சபை இப்படி தனியா முடிவெடுத்தா செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. சாதா தப்பிச்சாரு, எனக்கு அதுல சந்தோஷம் தான். ஆனா அந்த தீர்ப்போட அவசரநிலைய முடிக்கற கதவும் போச்சு, இப்ப காங்கிரஸ் தீர்மானம் போட்டாலும் அதிபர் வீட்டோ போடலாம். 2019ல எல்லைச் சுவருக்காக போட்ட அவசரநிலைய ரெண்டு சபையும் வேணாம்னுச்சு, டிரம்ப் வீட்டோ போட்டாரு, மூணுல ரெண்டு பங்கு கெடைக்கல, முடிஞ்சுது.

நம்ம ஊரும் இதுல சுத்தம்னு சொல்ல முடியாது. 1969ல போட்ட அவசரநிலை 2011ல தான் ரத்தாச்சு, நடுவுல அந்த சட்டத்த வச்சு எத்தன பையனுங்கள விசாரணை இல்லாம சிம்பாங் ரெங்கம் தடுப்பு முகாமுக்கு அனுப்புனாங்க, எத்தன அம்மாங்க பஸ் பிடிச்சு போய் பாத்துட்டு வந்தாங்க. அமெரிக்காவுலயும் முள்ளுவேலி இருந்துச்சும்மா. 1942ல ரூஸ்வெல்ட் போட்ட ஒரே ஒரு உத்தரவுக்கு அப்புறம் ஜப்பானிய வம்சாவளி மக்கள் ஏறக்குறைய 120,000 பேர முகாம்ல அடைச்சாங்க, அதுல பெரும்பாலானவங்க அமெரிக்காவுலயே பொறந்த குடிமக்கள். காங்கிரஸ் தடுக்கல, அந்த உத்தரவ மீறுனதுக்கு குடுத்த தண்டனையும் சரிதான்னு 1944ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. 1988ல மன்னிப்பு கேட்டு, உயிரோட இருந்தவங்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் குடுத்தாங்க. பயம் வந்த நேரத்துல அதிபர், காங்கிரஸ், கோர்ட்னு மூணு கதவும் சேந்து மூடிக்கிச்சுங்கறது தான் எனக்கு இந்த விஷயத்துலயே பெரிய கவலை.

கேள்வி: சார், அணுகுண்டு பட்டன அவரு ஒருத்தரே அமுக்கலாமா? போர் அறிவிக்க காங்கிரஸ் தான் வேணும்னு புக்ல படிச்சேன்.
– படிவம் 6 மாணவர், சுங்கை சிப்பூட்

பதில்: புக்ல படிச்சது சரி தம்பி, போர் அறிவிக்கற அதிகாரம் காங்கிரஸுக்கு தான், படைத்தளபதி பதவி அதிபருக்கு. ஆனா காங்கிரஸ் கடைசியா முறைப்படி போர் அறிவிச்சது 1942 ஜூன்ல, பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மேல. அதுக்கப்புறம் கொரியா, வியட்நாம், ஈராக் எல்லாமே அந்த அறிவிப்பு இல்லாம நடந்தது. வியட்நாமுக்கு 1964ல ஒரு தீர்மானம் போட்டாங்க, பிரதிநிதிகள் சபையில எதிர்ப்பே இல்லாம 416க்கு 0, செனட்ல 88க்கு 2, வெறும் ரெண்டே பேரு தான் வேணாம்னாங்க. பட்டு தெரிஞ்சுக்கிட்டு 1973ல நிக்சனோட வீட்டோவையும் ஒடச்சு சட்டம் போட்டாங்க, படைய அனுப்புனா 48 மணி நேரத்துல சொல்லணும், 60 நாளைக்குள்ள காங்கிரஸ் ஒத்துக்கலன்னா திருப்பி கூப்பிடணும், அதுக்கு மேல 30 நாளு அவகாசம். 2011ல லிபியாவுல குண்டு போட்டுக்கிட்டே ஒபாமா இது அந்த சட்டத்துல வர்ற சண்டை இல்லன்னு சொன்னாரு, 2025 ஜூன்ல டிரம்ப் ஓட்டெடுப்பு இல்லாமலே ஈரான் அணு நிலையங்க மேல குண்டு போட்டாரு.

அணு ஆயுதத்துக்கு பட்டன் கிடையாது, ஒரு ராணுவ அதிகாரி பெட்டியோட எப்பவும் கூடவே போவாரு, பேசறது அதிபர் தான்னு ரகசிய எண்ண சொல்லி உறுதி பண்ணி உத்தரவு குடுக்கணும். அந்த உத்தரவுக்கு வேற யாரு சம்மதமும் சட்டப்படி தேவையில்ல, பாதுகாப்பு அமைச்சரால கூட தடுக்க முடியாது. 50 வெள்ளி பெட்டி கேஷுக்கு ரெண்டு கையெழுத்து கேக்கற உலகத்துல இதுக்கு ஒரு கையெழுத்து போதும்ங்கறது எனக்கு எப்பவும் ஏத்துக்க முடியாத ஒண்ணு.

கேள்வி: முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு தண்டனை பாதியா கொறஞ்சப்ப நம்ம ஊர்ல எவ்வளவு பேச்சு. அங்க மன்னிப்பு குடுக்க வாரியம் எதுவும் இருக்கா?
– ஒரு வாசகர், தாப்பா

பதில்: இங்க மன்னிப்பு வாரியம் கூடி ஆலோசனை சொல்லணும்னு அரசியலமைப்புல 42ஆவது பிரிவு இருக்கு, 2024ல நஜிப்போட 12 வருஷம் 6 ஆனதும் அந்த வழியில தான். அங்க அதிபர் ஒருத்தரே போதும், யாரையும் கேக்க வேணாம், காரணம் சொல்ல வேணாம், கோர்ட் மாத்த முடியாது. 1974 செப்டம்பர் 8ஆம் தேதி ஃபோர்ட், நிக்சன் மேல குற்றச்சாட்டு பதியறதுக்கு முன்னாடியே மன்னிச்சிட்டாரு, ரெண்டு வருஷத்துல வந்த தேர்தல்ல தோத்தாரு. 2024 டிசம்பர்ல பைடன் சொந்த மகனையே மன்னிச்சாரு, 2025 ஜனவரி 20ல டிரம்ப் நாடாளுமன்றக் கட்டடத்துல புகுந்த வழக்குல ஏறக்குறைய 1,500 பேருக்கு ஒரே நாள்ல மன்னிப்பு குடுத்தாரு. யாரு கட்சின்னு பாக்காம சொல்றேன், ரெண்டுமே தப்பு. ரெண்டு எல்லை மட்டும் உண்டு, பதவி நீக்க விசாரணைக்கு மன்னிப்பு செல்லாது, மாநில சட்டத்துல குற்றம்னாலும் செல்லாது, அதனால தான் 2024 மே மாசம் நியூயார்க்ல 34 குற்றச்சாட்டுல வந்த தீர்ப்ப டிரம்பால மன்னிச்சுக்க முடியாது. தன்னைத்தானே மன்னிச்சிக்கலாமான்னா, முடியாதுன்னு 1974ல நீதித்துறை எழுதி வச்சிருக்கு, கோர்ட்டுக்கு இன்னும் அந்த கேள்வி போகல.

கேள்வி: என் தம்பி மகன் கலிபோர்னியாவுல பொறந்தவன். அவன் அதிபரா வர முடியுமா?
– ஒரு வாசகி, பீடோர்

பதில்: தாராளமா முடியும்மா, பொறப்பால குடிமகனா இருக்கணும், 35 வயசு ஆகியிருக்கணும், 14 வருஷம் அங்க வாழ்ந்திருக்கணும், அவ்வளவு தான். மலேசியா ரெட்டை குடியுரிமைய ஒத்துக்காது, அத மட்டும் தம்பிகிட்ட இப்பவே சொல்லி வைங்க.

கேள்வி: நான் செம்பனை குலை லோரி ஓட்டறேன். ஜட்ஜுகிட்ட போலீசும் இல்ல, ராணுவமும் இல்ல. அதிபர் 'போய்யா'ன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவாங்க?
– ஒரு வாசகர், லிந்தாங்

பதில்: வந்ததுலயே ஆழமான கேள்வி இது தான் அண்ணே. 1952 ஏப்ரல்ல கொரியா போர் நடக்குது, எஃகு ஆலைங்கள்ல ஸ்ட்ரைக் வரப்போகுது, ஆயுதம் செய்ய எஃகு இல்லாம போயிடும்னு ட்ரூமன் ஆலைங்கள அரசாங்கம் எடுத்துக்கிச்சுன்னு உத்தரவு போட்டாரு. சுப்ரீம் கோர்ட்ல ஒன்பது ஜட்ஜும் அவரோ ரூஸ்வெல்ட்டோ போட்ட ஆளுங்க, ஆனாலும் ஜூன் 2ஆம் தேதி 6க்கு 3ன்னு செல்லாதுன்னு சொல்லிட்டாங்க, அந்த ஆறு பேர்ல ரெண்டு பேரு ட்ரூமனே நியமிச்சவங்க. அன்னைக்கே ஆலைங்கள திருப்பி குடுத்துட்டாரு, ஸ்ட்ரைக் அம்பது நாளுக்கு மேல ஓடுச்சு, அப்பவும் திரும்ப தொடல. 1957ல லிட்டில் ராக்ல ஒன்பது கறுப்பின பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்குள்ள விட மாட்டேன்னு கவர்னர் ஆள நிறுத்துனாரு, கோர்ட் தீர்ப்ப நடத்தி வைக்க ஐசன்ஹோவர் ராணுவத்தையே அனுப்புனாரு. ஆக கோர்ட்டுக்கு ராணுவம் இல்ல, அதிபர் மனசு வச்சா அவரு ராணுவமே கோர்ட்டுக்காக நிக்கும்.

மனசு வைக்கலன்னா அடுத்து காங்கிரஸ் தான். வாட்டர்கேட் ஊழல் வழக்குல 1974 ஜூலை 24ஆம் தேதி வெள்ளை மாளிகை பேச்சு பதிவான டேப்ப குடுன்னு கோர்ட் 8க்கு 0ன்னு சொன்னப்ப நிக்சன் குடுத்தாரு, அதுல அவரு குரலே அவர மாட்டி விட்டுச்சு. ஆகஸ்ட் 7ஆம் தேதி சாயங்காலம் அவரோட சொந்த கட்சி தலைவருங்க மூணு பேரு, கோல்ட்வாட்டர், ஸ்காட், ரோட்ஸ், வெள்ளை மாளிகைக்கு நேரா போய் செனட்ல உங்களுக்கு ஓட்டு இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க, ரெண்டு நாள்ல பதவி விலகிட்டாரு. எதிர்க்கட்சி எத்தன வருஷம் கத்தியும் நடக்காதது அந்த மூணு பேரு போனதுல நடந்துச்சு. இது வரைக்கும் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரு தடவை, கிளின்டன் ஒரு தடவை, டிரம்ப் ரெண்டு தடவைன்னு பதவி நீக்க குற்றச்சாட்டு செனட் வரைக்கும் போயிருக்கு, ஒருத்தரையும் எறக்கல. கடைசியா 2021ல டிரம்ப் கட்சியிலயே 7 செனட்டருங்க அவருக்கு எதிரா ஓட்டு போட்டாங்க, 67 வேணும், 57 தான் விழுந்துச்சு.